நெஞ்சுக்குள் ஒரு பூனை

உங்கள் வீட்டில் பூனை வளர்க்கிறீர்களா? அது மடியில் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டிருக்கும்போது அதன் முதுகில் கை வைத்துப் பாருங்கள். 'குர்ர்ர்' என்று ஓர் அதிர்வு உள்ளங்கையில் தெரியும். அதைக் காதால் கேட்பதைவிடக் கையால் உணர்வது எளிது.

2018-ஆம் ஆண்டில் ஒரு நாள் மாலை. நான் கல்லூரியிலிருந்து வீடு திரும்பியதும் என் மாமியார் ஒரு செய்தி சொன்னார். என் மகளுக்கு அப்போது 4 வயது. "குழந்தைக்கு எண்ணெய் தேய்க்கிறப்ப நெஞ்சுல கை வச்சேன். இடது பக்கம், காறை எலும்புக்குக் கீழே, பூனை உறுமுற மாதிரி இருக்கு. நீயும் தொட்டுப் பாரும்மா" என்றார்.

"சளியா இருக்கும் அத்தை" என்று சொல்லிவிட்டு நான் விடைத்தாள் திருத்த உட்கார்ந்துவிட்டேன். தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. 'நேரில் சோதித்துப் பார்க்காமல் எதையும் ஏற்காதே, தள்ளாதே' என்று ஆண்டுதோறும் மாணவிகளுக்குச் சொல்லிவருகிற நான் செய்த காரியம் இது. அவளுக்கு அடிக்கடி மார்புச் சளி பிடிக்கும். நாங்கள் வழக்கமாகக் காட்டும் மருத்துவரும் இரண்டு ஆண்டுகளாகச் சளி மருந்தே எழுதிக்கொடுத்து வந்தார். ஆகவே என் மனத்தில் விடை முன்பே தயாராக இருந்தது.

அடுத்த மாதம் அவளுடைய பள்ளிக்கு மருத்துவக் குழு ஒன்று வந்தது. இளம் பெண் மருத்துவர் ஒருவர் அவள் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தார். மற்றப் பிள்ளைகளுக்கு அரை நிமிடம். இவளுக்கு மூன்று நிமிடமாயிற்றாம். மாலையில் ஒரு சீட்டு வீட்டுக்கு வந்தது: 'இதயத்தில் தொடர் முணுமுணுப்பு. உடனே இதய நிபுணரிடம் காட்டவும்.' அன்று இரவு அவள் தூங்கிய பிறகு நான் கை வைத்துப் பார்த்தேன். பூனை அங்கேதான் இருந்தது.

பிறந்த பின்னும் மூடாத வழி

அந்தப் பூனை எங்கிருந்து வந்தது? இதைப் புரிந்துகொள்ள, நீங்கள் பிறப்பதற்கு முன்பிருந்து தொடங்க வேண்டும்.

தாயின் வயிற்றுக்குள் இருந்தபோதும் உங்களுக்கு நுரையீரல் இருந்தது. ஆனால் அதற்கு வேலை இல்லை. அங்கே காற்று ஏது? ஆக்சிஜன் எல்லாம் தாயிடமிருந்து தொப்புள்கொடி வழியாக வந்துகொண்டிருந்தது. எனவே வலது வெண்ட்ரிக்கிளிலிருந்து புறப்படும் இரத்தத்தில் பெரும்பகுதி நுரையீரலுக்குப் போகாமல், ஒரு குறுக்கு வழியாகப் பெருந்தமனியில் போய்ச் சேர்ந்தது. நுரையீரல் தமனியையும் பெருந்தமனியையும் இணைக்கும் இந்தச் சிறு குழாய்க்கு மருத்துவர்கள் 'டக்டஸ்' என்று பெயர் சொல்கிறார்கள். நாம் இணைப்பு நாளம் என்போம்.

குழந்தை பிறந்து முதல் மூச்சு இழுத்ததும் இரத்தத்தில் ஆக்சிஜன் கூடுகிறது. நாளத்தைத் திறந்து வைத்திருந்த புராஸ்டகிளாண்டின் என்ற வேதிப்பொருள் குறைகிறது. நாளத்தின் சுவரிலுள்ள தசை சுருங்கத் தொடங்குகிறது. பெரும்பாலான குழந்தைகளுக்கு ஓரிரு நாளில் வழி அடைபட்டு, சில வாரங்களில் அது வெறும் நாராகிவிடும். அந்த நார் இப்போது உங்கள் நெஞ்சிலும் இருக்கிறது.

என் மகளுக்கு அது மூடவில்லை. ஆயிரம் குழந்தைகள் பிறந்தால் அவர்களில் எட்டு, ஒன்பது பேருக்கு இதயத்தில் ஏதாவதொரு பிறவிக் குறை இருக்கிறது. மூடாத நாளம் அக்குறைகளில் ஒரு வகை.

மூடாவிட்டால் என்ன? பிறந்த பிறகு நிலைமை தலைகீழாகிவிடுகிறது. வளர்ந்தவர்களின் பெருந்தமனியில் அழுத்தம் 120-க்கும் 80-க்கும் இடையே ஏறி இறங்குகிறது. இது மில்லிமீட்டர் பாதரசக் கணக்கு. நுரையீரல் தமனியிலோ 25-க்கும் 10-க்கும் இடையேதான். இதயம் சுருங்கினாலும் சரி, விரிந்தாலும் சரி, பெருந்தமனியின் கையே ஓங்கியிருக்கும். ஆகவே உடலுக்குப் போக வேண்டிய நல்ல இரத்தம் நொடிப்பொழுதும் நில்லாமல் நாளத்தின் வழியே நுரையீரலுக்குத் திரும்பிப் பாய்கிறது. ஓசையும் அதனால்தான் நிற்பதில்லை. எடின்பரோ மருத்துவர் கிப்சன் 1900-ஆம் ஆண்டில் இந்த ஓசையை விவரித்து எழுதினார். ஓடும் இயந்திரத்தின் இரைச்சலைப் போன்றது என்பதால் மருத்துவர்கள் இன்றும் இதை 'இயந்திர முணுமுணுப்பு' என்கிறார்கள். எனக்கு என் மாமியாரின் பூனையே பொருத்தமாகப் படுகிறது.

இரத்தம் ஓடினால் ஏன் ஓசை வர வேண்டும்? குழாயடிக்குப் போய்க் குழாயை மெல்லத் திறந்து பாருங்கள். தண்ணீர் கண்ணாடிக் கம்பி போல ஓசையின்றி இறங்கும். மேலும் திறந்தால் நீர் குழம்பி இரையும். முன்னது சீரான ஓட்டம். பின்னது சுழிப்பு ஓட்டம். ஓட்டம் எப்போது சீர்கெடும் என்பதை ஆசுபர்ன் ரெனால்ட்ஸ் 1883-இல் கண்ணாடிக் குழாயில் சாய நீரை ஓடவிட்டுக் காட்டினார். நலமான இதயத்தில் ஓட்டம் பெரும்பாலும் சீரானது. குறுகிய துளை வழியே வேகமாகப் பீறிடும்போது இரத்தம் சுழிக்கிறது, தமனியின் சுவர் அதிர்கிறது, அந்த அதிர்வு நெஞ்சுக்கூட்டைக் கடந்து பாட்டியின் உள்ளங்கைக்கு வந்து சேர்கிறது.

ரயிலில் போட்ட கணக்கு

நாங்கள் கும்பகோணம் பக்கத்தைச் சேர்ந்தவர்கள். இரவு ரயிலேறிச் சென்னைக்குப் போனோம். அங்கே இருட்டறை ஒன்றில் அவளைப் படுக்க வைத்து நெஞ்சில் குளிர்ந்த பசை தடவி மீயொலிக் கருவியால் பார்த்தார்கள். திரையில் இதயம் அசைந்தது. திடீரென்று ஒலிபெருக்கியில் 'உஷ்ஷ், உஷ்ஷ்' என்று புயற்காற்று போல ஓர் ஓசை. "அம்மா, பூனைக்குக் கோபம்" என்றாள் என் மகள்.

அந்த ஓசை இரத்தத்தின் ஓசை அன்று, டாப்ளர் விளைவு. ரயில் ஊதிக்கொண்டே நம்மை நோக்கி வரும்போது ஊதலின் சுருதி கூடுவதும் விலகிப் போகும்போது குறைவதும் உங்களுக்குத் தெரியும். 1842-இல் டாப்ளர் சொன்னது அதுவே. நொடிக்கு 25 இலட்சம் அதிர்வுள்ள மீயொலியைக் கருவி அனுப்புகிறது. இரத்தச் சிவப்பணுக்கள் அதை எதிரொலிக்கின்றன. அணுக்கள் நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் ஓடினால் எதிரொலியின் அதிர்வெண் சுமார் 3,250 அளவுக்கு மாறுகிறது. (உடல் திசுவில் ஒலியின் வேகம் நொடிக்கு 1,540 மீட்டர். போகும்போது ஒருமுறை, வரும்போது ஒருமுறை என இருமுறை மாற்றம் ஏற்படும். நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்.) நம் காதுக்குக் கேட்காத இரண்டு ஒலிகளின் வேறுபாடு நம் காதுக்குக் கேட்கும் எல்லைக்குள் வந்து விழுவது ஓர் இனிய தற்செயல்.

மருத்துவர் தாளில் இரண்டு எண்களை எழுதினார். நாளத்தின் மிகக் குறுகிய இடம் 3 மில்லிமீட்டர். அங்கே இரத்தத்தின் உச்ச வேகம் நொடிக்கு 4.5 மீட்டர். மணிக்கு 16 கிலோமீட்டர், அதாவது நீங்கள் சைக்கிளில் விரையும் வேகம். பிறகு "நான்கை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் அழுத்த வேறுபாடு கிடைக்கும், 81" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பெர்னூலி தேற்றம்! பதினைந்து ஆண்டுகளாகக் கரும்பலகையில் எழுதி, தொட்டியின் துளையிலிருந்து பாயும் நீருக்குக் கணக்குப் போடச் சொன்ன அதே தேற்றம். அழுத்த வேறுபாடு என்பது அடர்த்தியில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி வருவது. இரத்தத்தின் அடர்த்தி கனமீட்டருக்கு 1,060 கிலோகிராம், பாதி 530. 1 மில்லிமீட்டர் பாதரசம் 133.3 பாஸ்கல். 530-ஐ 133.3-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 4. மருத்துவரின் 'நான்கு' வந்த வழி இதுதான்.

இந்த 81 எனக்கு ஏன் முக்கியம்? என் மகளின் கையில் பட்டை கட்டி அளந்த உச்ச அழுத்தம் 100. அதில் 81-ஐக் கழித்தால் 19. நுரையீரல் தமனியின் உச்ச அழுத்தம் 19தான், வழக்கமான அளவு. ஊசி குத்தாமல், தோலைக் கீறாமல், நெஞ்சுக்குள் இருக்கும் ஒரு தமனியின் அழுத்தத்தை வெளியிலிருந்தே அளந்துவிட்டார்கள்! பெரிய நாளம் பல ஆண்டுகள் திறந்தே கிடந்தால் நுரையீரலின் சிறு தமனிகள் தடித்து இறுகி அங்கே அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். பெருந்தமனியின் அழுத்தத்தையும் அது மிஞ்சிவிட்டால் ஓட்டம் திசை மாறும். அதன் பிறகு நாளத்தை மூடவும் முடியாது. நாங்கள் அந்த எல்லைக்கு வெகு தொலைவில் இருந்தோம்.

ஊர் திரும்பும்போது ரயிலில் எனக்கும் என் கணவருக்கும் விவாதம் நடந்தது. "நல்லா ஓடியாடுற பிள்ளையை எதுக்கு மேசையில படுக்க வைக்கணும்? இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போமே" என்றார் அவர். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. நோயில் துவண்டு கிடக்கும் குழந்தைக்குச் சிகிச்சை செய்யச் சம்மதிப்பது ஒன்று. எதிர் இருக்கையில் ஏறிக் குதிக்கும் குழந்தைக்குச் சம்மதிப்பது வேறு. நான் பயணச்சீட்டின் பின்புறத்தில் கணக்குப் போட்டேன். 3 மில்லிமீட்டர் துளையின் பரப்பு ஏறத்தாழ 7 சதுர மில்லிமீட்டர். சராசரி வேகம் 3.5 மீட்டர் என்று கொண்டால் நொடிக்கு 25 மில்லிலிட்டர், நிமிடத்துக்கு ஒன்றரை லிட்டர். துளையில் தாரை ஒடுங்குவதால் உண்மையில் இதைவிடக் குறையும். 1 லிட்டர் என்றே வைத்துக்கொள்வோம். 14 கிலோ எடையுள்ள அவளுடைய உடம்புக்கு நிமிடத்துக்கு 2 லிட்டர் அளவில் இரத்தம் வேண்டும். அதற்கு மேலும் 1 லிட்டரை அந்தச் சின்ன இதயம் வீணாக இறைத்துக்கொண்டிருந்தது. ஒரு நாளைக்கு 1,440 லிட்டர், ஏறத்தாழ நூறு குடம்!

என் கணவர் கணிதம் படித்தவர் அல்லர். ஆனால் தாளைப் பார்த்துவிட்டு, "மாடித் தொட்டி ஒழுகுது, மோட்டார் நிக்காம ஓடுதுங்கிற. ஒருநாள் மோட்டார் போயிடும்" என்றார். பிறகு அவர் தடை சொல்லவில்லை.

வெளியே காத்திருந்தபோது

முன்பெல்லாம் நெஞ்சைத் திறந்துதான் நாளத்தைக் கட்டுவார்கள். 1938-இல் பாஸ்டன் நகரில் இராபர்ட் கிராஸ் என்ற இளம் அறுவை மருத்துவர் 7 வயதுச் சிறுமி ஒருத்திக்கு முதன்முதலில் அதை வெற்றிகரமாகச் செய்தார். மிகச் சிறிய பச்சிளங்குழந்தைகளுக்கும் மிகப் பெரிய நாளங்களுக்கும் இன்றும் அறுவை தேவைப்படுவதுண்டு. என் மகளுக்கு அது தேவையில்லை, தொடையிலுள்ள இரத்தக் குழாய் வழியாகவே போய் மூடிவிடலாம் என்றார்கள். கிழக்கு பெர்லினில் போர்ஸ்ட்மன் என்பவர் 1967-இல் தொடங்கி வைத்த வழி இது.

அன்று காலை அவளுக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கக் கூடாது. மயக்க மருந்தின்போது வாந்தி வந்து மூச்சுக்குழாயில் இறங்கிவிடக் கூடாதே என்பதற்காக. "ஒரு வாய்தாம்மா" என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். பெர்னூலி தேற்றம் தெரிந்த எனக்கு, 4 வயதுக் குழந்தைக்கு அதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

கையெழுத்திட ஒரு படிவம் கொடுத்தார்கள். இரத்தக் கசிவு ஏற்படலாம், தொடைத் தமனி அடைபடலாம், பொருத்தும் கருவி நழுவி வேறிடம் போய்விடலாம், அப்போது அவசர அறுவை தேவைப்படலாம், மிக அரிதாக உயிருக்கும் ஆபத்து நேரலாம். நிகழ்தகவு எனக்குப் புதிதன்று. மிகச் சிறிய எண்ணைப் புறக்கணித்துவிடலாம் என்று வகுப்பில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். அந்தப் படிவத்தின் முன்னால் எதையும் புறக்கணிக்க முடியவில்லை. பேனாவைப் பிடித்த கை நடுங்கியது. என் கணவர்தான் முதலில் கையெழுத்திட்டார்.

கதவு வரை அவளைத் தூக்கிக்கொண்டு போனேன். "பூனையை வெளியே விட்டுடுவாங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். கதவு மூடிக்கொண்டது.

ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று. உள்ளே என்ன நடந்தது என்று எனக்கு மருத்துவர் பிறகு படம் காட்டி விளக்கினார். ஆனால் அவர் முன்பே படிகளைச் சொல்லியிருந்ததால், நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக மனத்துக்குள் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

முதலில் தொடை மடிப்பில் தமனியிலும் சிரையிலும் ஊசி குத்தி, சுமார் 2 மில்லிமீட்டர் பருமனுள்ள கதீட்டர் என்னும் மெல்லிய குழாய்களை நுழைப்பார்கள். நெஞ்சுக்குள் போகும் குழாயை எப்படிப் பார்ப்பது? எக்ஸ் கதிர்தான். ஆனால் இரத்தமும் தசையும் எக்ஸ் கதிருக்கு ஏறத்தாழ ஒன்றே. எனவே அயோடின் கலந்த திரவத்தைப் பெருந்தமனியில் செலுத்துவார்கள். அயோடினின் அணு எண் 53. உடம்பில் மிகுந்துள்ள ஹைட்ரஜன், கார்பன், ஆக்சிஜன் இவற்றின் அணு எண்கள் 1, 6, 8. கனத்த அணுக்கள் எக்ஸ் கதிரை மிகுதியாக விழுங்கும். ஆகவே திரவம் ஓடும் வழியெல்லாம் கறுப்பாகத் தெரியும்.

இப்படி இதயத்துக்குள் குழாய் விடலாம் என்று காட்டியவரின் கதையும் அப்போது நினைவுக்கு வந்தது. 1929-இல் ஜெர்மனியின் எபர்ஸ்வால்டே என்ற சிற்றூர் மருத்துவமனையில் வெர்னர் போர்ஸ்மன் என்ற இளம் மருத்துவர், தம் கைச் சிரையில் தாமே ஒரு குழாயைச் செலுத்திக்கொண்டு, அப்படியே எக்ஸ் கதிர் அறைக்கு நடந்து போய், அது இதயத்தில் இருப்பதைப் படமெடுத்துக் காட்டினார். பாராட்டுக்குப் பதிலாக ஏச்சு கிடைத்தது. 1956-இல் நோபல் பரிசு கிடைத்தது. நீங்கள் இதைச் செய்து பார்க்க வேண்டாம்!

அடுத்த படி எனக்கு மிகவும் பிடித்தது. ஆறு மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு அடைப்பானை 2 மில்லிமீட்டர் குழாய்க்குள் எப்படி அனுப்புவது? இங்கேதான் நிட்டினால் என்ற கலப்புலோகம் வருகிறது. நிக்கலும் டைட்டானியமும் ஏறத்தாழச் சம எண்ணிக்கையில் அணுக்கள் கலந்தது. அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடம் ஒன்றில் வில்லியம் பியூலர் 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அதை ஆராய்ந்து வந்தார். பலமுறை மடித்து நெளித்த நிட்டினால் பட்டை ஒன்றைக் கூட்டமொன்றில் கைமாற்றிப் பார்த்தார்களாம். ஒருவர் தம் லைட்டரைப் பற்றவைத்துச் சூடு காட்ட, பட்டை தானாக நிமிர்ந்து நீண்டதாம்.

எஃகுக் கம்பியைச் சிறிது மிகையாக வளைத்தால் வளைந்தபடியே நின்றுவிடும். நிட்டினாலை அதன் நீளத்தில் நூற்றுக்கு 8 பங்கு வரை இழுத்தாலும் விட்டவுடன் பழைய வடிவுக்கு வரும்படி செய்ய முடியும். அணுக்கள் இடம்பெயர்ந்து ஓடிவிடாமல், படிக அமைப்பையே மாற்றிக்கொண்டு பிறகு மீள்கின்றன. இந்தக் கம்பியைக் கூடை பின்னுவது போலப் பின்னி, சீசாத் தக்கை வடிவில் அடைப்பான் செய்கிறார்கள். உள்ளே பாலியெஸ்டர் துணி தைத்திருக்கும். இழுத்தால் நூல்போல் நீண்டு குழாய்க்குள் போகும். வெளியே வந்ததும் மீண்டும் தக்கை!

சிரை வழியாகச் சென்ற குழாய் வலது ஆரிக்கிள், வலது வெண்ட்ரிக்கிள், நுரையீரல் தமனி எல்லாம் கடந்து, நாளத்தின் ஊடே பெருந்தமனிக்குள் எட்டிப் பார்க்கும். அங்கே தக்கையின் அகன்ற விளிம்பை மட்டும் விரியவிட்டு, மெல்லப் பின்னால் இழுத்து நாளத்தின் வாயில் பதிய வைத்து, மீதியை விரிப்பார்கள். ஒரு நுட்பம் கவனியுங்கள். தக்கை ஒரு நீண்ட கம்பியின் நுனியில் திருகு மரையால் மாட்டப்பட்டிருக்கிறது. சரியாக உட்காராவிட்டால் மறுபடியும் குழாய்க்குள் இழுத்துக்கொள்ளலாம். உட்கார்ந்தது உறுதியான பிறகே கம்பியை இடப்புறமாகத் திருகிக் கழற்றுவார்கள். அது வரை பின்வாங்க வழி உண்டு. அதன் பிறகு இல்லை. நான் பெஞ்சில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, 'இப்போது திருகியிருப்பார்களா, இப்போதா' என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

கதவு திறந்தது. மருத்துவர் முகக்கவசத்தைக் கீழே இறக்கி, "முடிஞ்சதும்மா. நல்லா உட்கார்ந்திருக்கு" என்றார். கேட்க வேண்டும் என்று ஒன்பது கேள்விகள் வைத்திருந்தேன். ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை.

உண்மையான தொல்லை அதற்குப் பிறகுதான் வந்தது. தொடையில் இரத்தம் கசியாமலிருக்க ஆறு மணி நேரம் காலை மடக்கக் கூடாது. மயக்கம் தெளிந்து பசியோடு எழுந்திருக்கும் 4 வயதுக் குழந்தையிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்! அவளுடைய முழங்காலை என் கணவர் பிடித்துக்கொள்ள, நான் எனக்குத் தெரிந்த கதைகளையெல்லாம் சொல்லித் தீர்த்தேன். எல்லாக் கதையிலும் பூனை வர வேண்டும் என்பது அவள் நிபந்தனை.

மறுநாள் மீண்டும் அந்த இருட்டறை. அதே பசை, அதே கருவி. நாளம் இருந்த இடத்துக்கு மருத்துவர் கருவியைக் கொண்டுபோனார். ஒலிபெருக்கி ஒன்றும் பேசவில்லை.

வீட்டுக்கு வந்து பத்து நாள் கழித்து என் மாமியார் அவளுக்கு எண்ணெய் தேய்த்தார். நெஞ்சில் கையை வைத்து வெகுநேரம் எடுக்காமல் இருந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு, "இப்ப நீ தொட்டுப் பாரு" என்றார். இந்த முறை உடனே தொட்டுப் பார்த்தேன்.

ஆறு மாதத்துக்குப் பல் மருத்துவம் செய்ய நேர்ந்தால் முன்கூட்டியே கிருமிக்கொல்லி மருந்து கொடுக்கச் சொன்னார்கள். அதற்குள் அடைப்பானின் மேல் உடம்பின் சொந்தத் திசு படர்ந்து மூடிவிடுமாம். வேறு மருந்து கிடையாது. அடிக்கடி பிடித்த சளியும் குறைந்தது. இப்போது பள்ளியில் ஓட்டப் பந்தயத்தில் சேர்ந்திருக்கிறாள். இரண்டாவதாக வருவது வழக்கம்.

அண்மையில் அறிவியல் பாடத்தில் காந்தம் பற்றிப் படித்தாள். இரும்பு, கோபால்ட், நிக்கல் ஆகியவை காந்தத்தால் ஈர்க்கப்படும் என்று புத்தகத்தில் இருந்தது. "எனக்குள்ளே நிக்கல் இருக்கே?" என்று கேட்டுவிட்டு, என் ஆய்வுக்கூடப் பெட்டியிலிருந்து ஒரு சட்டக் காந்தத்தை எடுத்து, காறை எலும்புக்குக் கீழே வைத்துப் பார்த்தாள். ஒட்டவில்லை. டைட்டானியத்தோடு சேர்ந்து கலப்புலோகமானதும் நிக்கலின் அந்தக் குணம் போய்விடுகிறது என்று சொன்னேன். அவளுக்கு அது போதவில்லை. காந்தத்தைத் திருப்பி, மறு துருவத்தையும் வைத்துப் பார்த்தாள்.